குளவி மண்

காலை நாலே முக்கால்.
பாடிங்டன் ஏற்றத்தில்
என் ஐம்பது சிசி வண்டி
மணிக்குப் பதினெட்டு.
நடைபாதையில் காதில் பாட்டோடு
ஓடிப் பயிற்சி செய்கிற ஒருத்தி
என்னைத் தாண்டிப் போகிறாள்.
போகிறபோக்கில் சிரித்தும்விட்டாள்.

ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினாலும்
ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான்
'ம்' என்கிறது.
மீட்டிங்கில் என்னை யாராவது கேள்வி கேட்டால்
நானும் அப்படித்தான்.
ஆனால் நான் பிரிஸ்பேனுக்கு வந்து
ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.
இது இந்த ஊரிலேயே
மூன்று கை மாறிய வண்டி.
இதற்கென்ன தயக்கம்?

ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.
ஆஸ்பத்திரி லாண்டரியில்
என்னோடு போர்வை மடிக்கும் மெலே
பெல்ட் என்றாள்.
மாடிவீட்டு க்ரெய்க்
தலையில் கட்டிவிடு, எவனாவது வாங்குவான் என்றான்.
அறைத்தோழி பிரபாவதி
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
வண்டியில் கோளாறே இல்லை என்றாள்.

சனிக்கிழமை.
கட்டைக் கால்களில் நிற்கும் இந்த வீட்டின் அடியில்
பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தேன்.
எட்டுத் திருகு.
ஏழு வந்தது, எட்டாவது மரை மழுங்கி
ஒரு மணி நேரம் கெஞ்ச வைத்தது.
மூடியைத் திறந்தால் ரப்பர்த் தூள்,
புகையிலைக் கடை மாதிரி.
பெல்ட்டில் வெடிப்பில்லை.
உள்ளே ஆறு உருளைகள்,
ஆறும் ஒரு பக்கம் தட்டை.
உருள வேண்டியவை
சறுக்கியே காலம் தள்ளியிருக்கின்றன.

புது ரோலர் ஆறு, இருபத்தேழு டாலர்,
தபாலில் வரப் பத்து நாள்.
மாட்டிக்கொண்டு போனேன்.
அதே ஏற்றம். இருபத்துநாலு.
ரோலருக்கு ஒரு கிலோமீட்டர்
லாபம்.

ப்ளக் மட்டும்
எத்தனை துடைத்தாலும்
மூன்றாம் நாள் மை.
கண்ணுக்கு இட்டுக்கொள்ளலாம், அவ்வளவு கறுப்பு.
இதைத்தான் முதலிலேயே
காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.
பெட்ரோல் போதும் போதும் என்கிறது,
காற்றைக் காணோம் என்கிறது.

ஃபில்டரைப் பிரித்தேன்.
ஸ்பாஞ்சு சுத்தம், போன மாதம் போட்டது.
சரி என்று மூடப் போனவள்
எதற்கோ
காற்று உள்ளே போகிற குழாயின் வாயில்
விரலை விட்டேன்.
நுழையவில்லை.
மண்.

பிப்ரவரியில்
எனக்கு ஷிஃப்ட் கொடுக்காமல் விட்ட
ஐந்து வாரம்,
வண்டி சும்மா நின்ற ஐந்து வாரம்,
ஒரு குளவி இங்கே
வீடு கட்டியிருக்கிறாள்.
ஓரத்தில் நூல் அளவு இடைவெளி;
அதன் வழியாகத்தான் இத்தனை நாள்
மூச்சு வாங்கி
என்னையும் சுமந்து ஏறியிருக்கிறது இது.

ஸ்க்ரூட்ரைவரால் நெம்பியதும்
உடைந்து விழுந்தது மூன்று அறை.
சிலந்திகள், பச்சையும் சாம்பலுமாய்,
பதினொன்று.
கால் மடக்கிக் கிடந்தன.
தொட்டால் ஒன்று லேசாக நகர்த்தியது,
சாகவுமில்லை.
நடுவில் அரிசி நீளத்துக்கு
ஒரு புழு, தின்றுகொண்டு.

கொட்டக் கொட்டக்
குளவியாகும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.
பதினோரு பேரையும் கொட்டியாயிற்று;
ஒருத்தரும் ஆகவில்லை.
சிலந்தி சிலந்தியாகவே
சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது.

என்ன செய்வது என்று தெரியாமல்
மண்ணோடு அள்ளி
க்ரெய்க்கின் காலி பெயின்ட் டப்பாவில் வைத்து
உத்தரத்துக்கு மேல் சொருகினேன்.
புழு பிழைத்ததா என்று
இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

திங்கள் காலை
முப்பத்தொன்பது.
பின்னால் வந்த பஸ்
முதல்முறையாக ஹாரன் அடிக்கவில்லை.
ஓடுகிறவளைத் தேடினேன்,
அன்றைக்கென்று அவள் வரவில்லை.

குழாயின் வாய்க்குக்
கொசுவலைத் துண்டு வைத்துக் கட்டியிருக்கிறேன்.
நேற்று மாலை
அவள் வந்தாள்,
வாயில் ஈர மண் உருண்டையோடு.
வலையைச் சுற்றினாள், இரண்டு முறை.
கண்ணாடியைச் சுற்றினாள்.
துரத்தக் கை எழவில்லை,
அவளுக்கும் ஷிஃப்ட்.

இன்று காலை
ஹெல்மெட்டைக் கவிழ்த்து
இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான்
மாட்டிக்கொண்டேன்.